போனி எம் கேட்டு வளர்ந்த மெட்ராஸ்காரங்க: லிஸ் மிட்செல் குரலைப் பத்திப் பேசலாமா?

#1 பெரம்பூர் லோகோ

இளையராஜாவுக்கும் எம்.எஸ்.வி.க்கும் இங்க பக்கம் பக்கமா இழை ஓடுது. ஒண்ணு விடாமப் படிக்கிறேன். ஆனா எழுபதுகளோட கடைசியில மெட்ராஸ்ல ஸ்கூல் படிச்ச எங்க செட்டுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. போனி எம். ஜெர்மனியில உருவான டிஸ்கோ பாட்டுக் குழு. அதுக்கு இங்க ஒரு இழை கூட இல்ல. அதான் ஆரம்பிச்சுட்டேன்.

எங்க அப்பாவுக்கு லோகோ வொர்க்ஸ்ல வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வீடு. எங்க வரிசையில பாதிப் பேர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ஒரு வீட்டு வராண்டாவுல ரெக்கார்டு பிளேயரை எடுத்து வச்சிருவாங்க. நாங்க பசங்க கேட் மேல ஏறி உக்காந்துக்குவோம். அந்த வீட்டு ஆன்ட்டி ஒரு நாளும் எங்களை விரட்டினதில்ல. "பசங்களா, ஊசி குதிக்குது, கேட்டை ஆட்டாதீங்க"ன்னு மட்டும் சொல்லுவாங்க. டிசம்பர்ல இன்ஸ்டிடியூட் ஹால்ல டான்ஸ் நடக்கும். சின்னப் பசங்களை உள்ள விட மாட்டாங்க. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நிப்போம். 'ரஸ்புடின்' போட்ட உடனே உக்காந்திருந்த பெரியவங்க கூட எழுந்திருச்சு வந்துருவாங்க.

போனி எம்னா எல்லாரும் மேடையில ஆடின பாபி ஃபேரலைத்தான் சொல்லுவாங்க. வீடியோ டெக் வாடகைக்கு வந்த காலத்துல நாங்களும் அவரு ஆட்டத்தைப் பாத்து வாயைப் பொளந்தவங்கதான். சட்டை பட்டனைக் கழட்டி விட்டுட்டு அவர மாதிரி ஆடாத பையனே எங்க கிளாஸ்ல கிடையாது. ஆனா நான் இந்த இழையைத் தொடங்கினது லிஸ் மிட்செலுக்காக. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' அவங்க குரல். 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்' அவங்க குரல். 'சன்னி' அவங்க குரல். அவங்க பேரு எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்க கைக்கு வந்ததெல்லாம் யாரோ பதிவு பண்ணிக் குடுத்த கேசட். மேல பால்பாயிண்ட் பேனாவுல 'போனி எம் ஹிட்ஸ்'னு எழுதியிருக்கும், அவ்வளவுதான். வருஷக்கணக்கா ஒரு குரலை உயிரா நினைச்சுக் கேட்டுட்டு, அது யாருதுன்னு தெரியாம இருந்திருக்கோம்.

அந்தக் குரல்ல எனக்குப் பிடிச்சது என்னன்னா, உச்சத்துக்குப் போனாலும் கத்தல் இருக்காது. ஒவ்வொரு சொல்லும் தெளிவா, தனித்தனியா வந்து விழும். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் படிச்ச எங்களுக்கே வரி வரியாப் புரிஞ்சதுன்னா பாத்துக்கோங்க. அந்தம்மா ஜமைக்காவுல பிறந்து, சின்ன வயசுலயே லண்டனுக்குக் குடி போனவங்க. அப்புறம் ஜெர்மனியில மேடை நாடகங்கள்ல பாடிட்டு இருந்தாங்க. 1976ல இந்தக் குழுவுக்கு வந்தாங்க.

உங்களுக்கு முதல்ல எங்க, எப்படிக் காதுல விழுந்தது? எழுதுங்க.

#2 வேப்பேரி மணியோசை

பெரம்பூர் அண்ணா, இந்த இழைக்கு நன்றி. எங்க வீட்டுக் கதையைச் சொல்லியே ஆகணும்.

எங்க அப்பா சபையில பாடகர் குழுவை நடத்தினவர். வீட்டுல சினிமாப் பாட்டு கூடாது. இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு அதைவிடக் கூடாது. அண்ணன் எங்கிருந்தோ ஒரு கேசட் கொண்டுவந்து, அப்பா இல்லாத நேரம் பார்த்து மெதுவாகப் போட்டுக் கேட்பான். ஒரு நாள் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்தது 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. அண்ணன் நிறுத்தப் போனான். அப்பா "இரு" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். "திரும்பப் போடு" என்றார். அதற்குள் அலமாரியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள சங்கீதப் பாடல்களில் 137ஐப் பிரித்துவிட்டார்.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று பிடித்துப் போனவனே கேட்கிறான். அந்நிய தேசத்தில் நாங்கள் எப்படிப் பாடுவோம் என்று அவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். பாட்டின் முதல் பாதி முழுக்க இதுதான். அடுத்த பாதி வந்ததும் அப்பா விரலைத் தூக்கினார். "இது 19ஆம் சங்கீதம், கடைசி வசனம்." சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு முன்னால் சொல்வாரே, என் வாயின் வார்த்தைகளும் என் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாய் இருப்பதாக என்று, அதேதான். ஞாயிறுதோறும் கேட்ட வசனம் டிரம்ஸோடு வந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவே இல்லை. அப்பா இரண்டாம் முறை கேட்கும்போதே பிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கேசட்டுக்கு வீட்டில் அனுமதி. 'டாடி கூல்' வந்தால் மட்டும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். கோயிலுக்குள் அந்தப் பாட்டைப் பாடக் கடைசிவரை அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது 'மேரிஸ் பாய் சைல்ட்' பாட விட்டார். போனி எம் பாடிய அதே வேகத்தில், கிட்டார் ஒன்றும் டாம்பரின் ஒன்றும் வைத்துக்கொண்டு. வேப்பேரி, புரசைவாக்கம், டவுட்டன் வரை நடந்திருக்கிறோம். லிஸ் மிட்செல் பாடுகிற பகுதியை எனக்குத்தான் கொடுப்பார்கள். நீங்கள் சொன்ன அந்தத் தெளிவு இருக்கிறதே, அதைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் மூச்சு எடுக்கிற இடமே காதில் விழாது.

#3 கேசட்காரன்

தலைவா, இது நம்ம ஏரியா! ஸ்கூல் லீவுல ஒரு ரெக்கார்டிங் சென்டர்ல வேலைக்கு நின்னவன் நானு. புரசைவாக்கத்துல கடை. ஒரு பக்கம் எல்.பி. இசைத்தட்டு ஓடும், இன்னொரு பக்கம் ரெண்டு டெக்ல கேசட் ஏறும். ஜனங்க பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் கொண்டாருவாங்க. சி-60னா ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், சி-90னா 45 நிமிஷம். எந்தப் பாட்டு எத்தினி நிமிஷம்னு கூட்டிப் பாத்து, கடைசிப் பாட்டு பாதியில அறுந்து போவாம அடுக்கணும். அதுதான் எங்க தொழில்.

இதுல போனி எம்முக்குன்னு ஒரு வம்பு உண்டு. 1978ல வந்த 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' ஆல்பம் இருக்கே, அதுல முதல் பாட்டு முடியிற டிரம்ஸ் அப்படியே 'ரஸ்புடின்' பாட்டுக்குள்ள போயிரும். நடுவுல இடைவெளியே இருக்காது. லிஸ்ட்ல 'ரஸ்புடின்' மட்டும் எழுதியிருந்தா எங்கருந்து வெட்டுறது? பாஸ் பட்டன்ல விரலை வச்சுக்கிட்டு, ஊசி கோட்டுல ஓடுறதையே பாத்துனு நிக்கணும். ஒரு செகண்டு முந்தினா முந்தின பாட்டு வால் வந்து ஒட்டிக்கும், பிந்தினா முதல் அடி போயிரும். அந்த முதல் அடி போச்சுன்னா கஸ்டமர் கேசட்டைத் திருப்பிக் கொண்டாந்துருவாரு. அதனால எங்க மொதலாளி சொல்லுவாரு, "டேய், வால் ஒட்டுனா ஒட்டட்டும்டா, தலை போவக் கூடாது"ன்னு. இன்னிக்கும் அந்தப் பாட்டை நான் எங்க கேட்டாலும் கட்டை விரல் தானா அசையும்.

காலி கேசட்டு பர்மா பஜார்லதான் வாங்குவோம். பீச் ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்ல. டிடிகே, சோனின்னு அடுக்கி வச்சிருப்பான். அசலா டூப்பான்னு பாக்க கேசட் மூலையில இருக்கற ஸ்க்ரூவைப் பாப்பாரு மொதலாளி. நம்மூர்க் கடைக்கு வர்ற எல்.பி. பாதி கப்பல்ல வேலை பாக்கறவங்க கொண்டாந்தது. ஒரு எல்.பி. வந்துச்சுன்னா சிங்கப்பூர் மாமா வந்த மாதிரி கடையே கூடிரும்.

எந்தப் பாட்டை ரொம்பக் கேப்பாங்கன்னு கேட்டீங்கன்னா, ஆம்பளப் பசங்க 'டாடி கூல்', 'மா பேக்கர்'. வீட்டுக்குன்னு வாங்கறவங்க 'ரிவர்ஸ்'. 'சன்னி'யைக் கேட்டு வர்றவன் பாட்டு தெரிஞ்சவன்னு மொதலாளி ஒரு மரியாதை குடுப்பாரு.

#4 மேற்கு மாம்பலம்

எல்லாரும் உருகுறீங்க. எனக்கும் அந்த வயசுல பிடிச்ச குழுதான், அதனாலதான் எழுதுறேன். மேடையில நின்ன நாலு பேர்ல ரெண்டு பேர் ரெக்கார்டுல பாடவே இல்ல. பாபி ஃபேரல் வாயை அசைச்ச அந்த ஆழமான ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனோடது. மெய்ஸி வில்லியம்ஸும் ரெக்கார்டுல கிடையாது. பாடினது லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், ஃபாரியன் மூணு பேர்தான். 1975ல முதல் பாட்டை ஃபாரியன் தனியாவே உச்சக்குரல், அடிக்குரல் ரெண்டையும் பாடி வெளியிட்டாரு. டிவியில காட்ட ஆள் வேணும்னுதான் அப்புறம் குழுவைச் சேர்த்தாரு. பேரு கூட 'போனி'ங்கற ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடர்லருந்து எடுத்தது.

இதே மனுஷன்தான் பின்னாடி மில்லி வனில்லி குழுவை உருவாக்கினாரு. அதுலயும் மேடையில நின்னவங்க ரெக்கார்டுல பாடல. அது 1990ல அம்பலமாகி கிராமி விருதையே பிடுங்கிக்கிட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்கு அந்த வீடியோக்களைப் பாக்க மனசு ஒப்பல. நாம ஆசையா பாத்தது ஒருத்தரை, கேட்டது இன்னொருத்தரை. எனக்கு அது வலிக்குது.

#5 பாஸ்கிட்டார்72

மாம்பலம் சார், நீங்க சொன்ன தகவல் எல்லாம் சரி. ஆனா ஒண்ணு யோசிங்க. எம்.ஜி.ஆர். வாயசைச்சார், டி.எம்.எஸ். பாடினார். சிவாஜிக்கும் அதே டி.எம்.எஸ். பாடினார். நாம யாராவது ஏமாந்துட்டோம்னு நினைச்சோமா? முகம் ஒருத்தர், குரல் ஒருத்தர்ங்கறது நமக்குத் தொட்டில் பழக்கம். உலகத்துல வேற எவனுக்கும் புரியறதைவிட இந்த விஷயம் நமக்கு நல்லாப் புரியணும்.

என்ன வித்தியாசம்னா, நமக்கு டி.எம்.எஸ். பேரு தெரியும். ரேடியோவுல பாட்டுக்கு முன்னாடி பாடினவங்க பேரைச் சொல்லுவாங்க. அதுவும் சும்மா வந்துடல. 1949ல 'மஹல்' இந்திப் படத்துப் பாட்டு ரெக்கார்டுல லதா மங்கேஷ்கர் பேரைப் போடல. கதாபாத்திரத்தோட பேரான காமினின்னுதான் அச்சடிச்சாங்க. யார் பாடினதுன்னு கேட்டு ரேடியோவுக்கு ஜனங்க எழுதித் தள்ளினாங்க. அப்புறம்தான் பேரு வெளிய வந்தது.

அதனால என்னைக் கேட்டா, பாபி ஃபேரல் வாயசைச்சதுல எந்தக் குத்தமும் இல்ல. அந்த ஆட்டம் அவரோடது, அதை வேற யாரும் ஆடல. லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் பேரை உலகம் அவங்க பாட்டு அளவுக்குத் தெரிஞ்சு வச்சுக்கல பாருங்க, அநியாயம் அங்கதான் இருக்கு.

அப்புறம் நான் பேஸ் வாசிக்கறவன், அந்தக் கோணத்துலயும் ஒண்ணு சொல்லணும். 1976லதான் 'அன்னக்கிளி' வந்தது. அதே வருஷம்தான் 'டாடி கூல்'. ஒரே சமயத்துல ரெண்டு பக்கமும் காது திறந்துச்சு எங்களுக்கு. 'டாடி கூல்' பாட்டுல பேஸ் கிட்டார்தான் முன்னாடி நடக்கும், மத்த வாத்தியம் எல்லாம் பின்னாடி வரும். பாட்டு முழுக்க ரெண்டு மூணு சொற்றொடர்தான். அதையே விடாம வாசிப்பாங்க. சலிக்காது. ஏன் சலிக்கலன்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் நான் கிட்டாரையே கையில எடுத்தேன்.

#6 பெரம்பூர் லோகோ

பாஸ்கிட்டார் தம்பி, என் மனசுல இருந்ததை நீங்க அச்சா சொல்லிட்டீங்க. மாம்பலம் சார் வருத்தமும் எனக்குப் புரியுது. ஆனா அந்த வருத்தத்தால நாம விட வேண்டியது வீடியோவை இல்ல. பாடினவங்க பேரைச் சொல்லாமப் பாட்டைப் போடற பழக்கத்தைத்தான் விடணும். என் பேரன் பேத்திங்களுக்குப் போட்டுக் காட்டும்போது "போனி எம்"னு சொல்ல மாட்டேன். "லிஸ் மிட்செல் பாடறாங்க, கேளுங்க"ன்னுதான் சொல்லுவேன்.

#7 ராயபுரம் ஹார்பர்

பாடியவர்களைப் பேசியாயிற்று. பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்றும் கொஞ்சம் பேசலாம், அது இன்னும் சுவையான கதை.

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஜமைக்காவைச் சேர்ந்த 'த மெலோடியன்ஸ்' என்ற குழு 1970இல் பாடியது. ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி என்ற மத நம்பிக்கை உள்ளவர்களுடைய பாட்டு அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் தங்களையே பாபிலோனில் சிறைப்பட்டவர்களாகப் பார்த்தார்கள். வேப்பேரி அக்காவின் அப்பா சங்கீதத்தை எடுத்து வைத்துக் கேட்டார் என்று படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தப் பாட்டை எழுதியவர்களும் அப்படித்தான் சங்கீதத்தை எடுத்து வைத்து எழுதியிருக்கிறார்கள். போனி எம் பாடியதில் ரஸ்தஃபாரிச் சொற்களை மாற்றிவிட்டார்கள். 1978இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 5 வாரம் முதலிடம். அங்கே மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அந்த இசைத்தட்டின் மறுபக்கம்தான் 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்'. முதல் பக்கம் ஓய்ந்து பட்டியலில் இறங்கிய பிறகு, வானொலிக்காரர்கள் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். மறுபக்கத்தின் பலத்தில் அதே தட்டு மறுபடி 2ஆம் இடம் வரை ஏறியது. அது கரீபியன் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிற பாட்டு. வட்டமாகக் கைகோத்து நிற்பார்கள், நடுவில் ஒரு பெண் நின்று ஏதாவது ஆடிக் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் என் தங்கைகள் 'பூப்பறிக்க வருகிறோம்' விளையாடும்போது இந்த மெட்டை இடையில் சொருகிவிடுவார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டு என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

'மா பேக்கர்' மெட்டுக்கு மூலம் துனிசியாவின் நாட்டுப்பாட்டு, 'சீதி மன்சூர்'. 'ரஸ்புடின்' மெட்டைக் கேட்ட துருக்கிக்காரர்கள், இது எங்கள் 'காத்திபிம்' பாட்டு மாதிரி இருக்கிறதே என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒற்றுமை தெரியும். ஹார்பரில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு அரபுப் பாட்டுகள் பழக்கம். 'மா பேக்கர்' முதல் முறை கேட்டபோதே "இது வெள்ளைக்காரன் மெட்டு இல்லடா" என்றார். நம் காதுக்கு இந்தப் பாட்டுகள் சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ஜெர்மனியில் உட்கார்ந்து ஒரு சமையல்காரர் இத்தனை ஊர்ப் பாட்டையும் சேர்த்திருக்கிறார். ஃபாரியன் முதலில் படித்த தொழில் சமையல்தான்.

#8 ஓஎம்ஆர் 2கே

அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ் படிக்கிறேன். எனக்கு 'ரஸ்புடின்' தெரிஞ்சதே 2021ல ரீமிக்ஸ் வந்தப்போதான். ரீல்ஸ்ல எல்லாம் அதுதான் ஓடுச்சு. நான் ரூம்ல போட்டு ஆடிட்டு இருந்தேன், எங்க அப்பா ஆபீஸ் பேக்கைக் கூட வைக்காம உள்ள வந்து, ஒவ்வொரு வரியும் பாடுறார்! அப்பாவுக்கு இப்படி ஒரு பாட்டு தெரியும்னே எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறோம். இந்த இழையையும் அவர்தான் அனுப்பினார்.

ரெண்டு கேள்வி. பாபி ஃபேரலும் ரஸ்புடினும் ஒரே ஊர்ல ஒரே தேதியில செத்தாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? அப்புறம், ரீமிக்ஸ் தாண்டி நான் எதைக் கேக்கணும்?

#9 பெரம்பூர் லோகோ

கண்ணு, நல்லா இரு. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

முதல் கேள்விக்குப் பதில், நிஜம்தான். ரஸ்புடின், ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமா இருந்த சாமியார். அவரைக் கொன்னது 1916 டிசம்பர்ல, அன்னைக்கு பெட்ரோகிராட்னு பேரு இருந்த ஊர்ல. ரஷ்யாவுல அப்ப இருந்த பழைய காலண்டர்படி 17, இப்ப நம்ம காலண்டர்படி 30. பெட்ரோகிராட்தான் இன்னைக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பாபி ஃபேரல் 2010 டிசம்பர்ல அதே ஊருக்குக் கச்சேரிக்குப் போனாரு. ராத்திரி மேடையில ஆடினாரு. மறுநாள் 30ஆம் தேதி காலையில ஹோட்டல் ரூம்ல இறந்து கிடந்தாரு. வயசு 61. கடைசி ராத்திரி வரைக்கும் ஆடிட்டுப் போன மனுஷன். அவர் எதுவும் பண்ணலன்னு யாராவது சொன்னா எனக்குப் பொறுக்காது.

இன்னொண்ணும் சொல்றேன். 1978 டிசம்பர்ல போனி எம் மாஸ்கோவுக்கே போய்க் கச்சேரி பண்ணாங்க. பனிப்போர் நடந்துட்டு இருந்த காலம். ஆனா 'ரஸ்புடின்' மட்டும் மேடையில பாடல. சோவியத் அரசாங்கத்துக்கு அந்தப் பாட்டு ஆகல. பாட்டுல மகாராணிக்கும் ரஸ்புடினுக்கும் காதல்னு வருதே, அதுக்கு வரலாத்துல ஆதாரம் கிடையாதுங்கறதையும் தெரிஞ்சு வச்சுக்கோ. பரீட்சையில எழுதிடாத.

ரெண்டாவது கேள்வியை வேப்பேரி தங்கச்சிக்கு விடுறேன். பாடினவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.

#10 வியாசர்பாடி சவுண்ட்

எங்க மாமா சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தாரு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எல்லாத்துக்கும் எங்க செட்டுதான். காலையில முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையார் பாட்டு. அது மாறாது. அதுக்கு முந்தின நாள் ராத்திரி, பாக்ஸ் எல்லாம் இறக்கி ஒயர் இழுத்து முடிச்ச பிறகு டெஸ்டிங் உண்டு. அதுக்கு மாமா போடறது போனி எம்தான். 'மா பேக்கர்' போட்டுட்டு தெருக்கோடி வரைக்கும் என்னை நடக்கச் சொல்லுவாரு. "பேஸ் கேக்குதா? பொம்பளைங்க குரல் இரையாம கேக்குதா?" இதுதான் கேள்வி. இரைஞ்சா ஸ்பீக்கர் கோன் போயிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு மூணு பெண் குரல் சேந்து பாடற இடத்துல ஒவ்வொரு குரலும் தனியா கேட்டுச்சுன்னா செட்டு சுத்தம். பெரம்பூர் ஐயா அந்தம்மா குரல்ல தெளிவுன்னு எழுதினாருல்ல, அதை வச்சுத்தான் எங்க பொழைப்பே நடந்தது.

கல்யாண வீட்டுக்காரங்க ஒருத்தர் கூட நிறுத்தச் சொன்னதில்ல. பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கற ஆளுங்க இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேப்பாங்க.

#11 கேசட்காரன்

வியாசர்பாடி அண்ணாத்தே, சூப்பர்! ஒரு சந்தேகம் எல்லாருக்கும்: பாபி குழுவை விட்டுப் போயி, அவரு இடத்துல 1982ல ரெஜி சீபோ வந்தாரே, அந்தப் பாட்டுங்கள்லாம் யாராவது கேட்டீங்களா? அவரு நெசமாவே பாடினவரு. ஆனா எங்க கடைக்கு வந்த லிஸ்ட்ல அந்தப் பாட்டு ஒண்ணு கூட வரல.

#12 பாஸ்கிட்டார்72

கேட்டேன். ரெஜி நல்லாப் பாடுவார். ஆனா அதுக்குள்ள டிஸ்கோ அலையே அடங்கிடுச்சு. 1986ல குழுவே கலைஞ்சது. ஐஐடி கலை விழாவான மார்டி கிராவுல, அதான் இப்ப சாரங், நாங்க வெஸ்டர்ன் மியூசிக் போட்டிக்கு 'சன்னி' வாசிச்சோம். அப்பவே ராக் வாசிக்கறவங்க எங்களைக் கொஞ்சம் இளக்காரமாத்தான் பாத்தாங்க. ஆனா திறந்தவெளி அரங்குல கடைசி வரிசை வரைக்கும் கை தட்டினது எங்களுக்குத்தான். 'சன்னி' பாட்டுல ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி ஒரு படி ஏறும். அதை லிஸ் மிட்செல் ஏறுற மாதிரி ஏற எங்க பாடகி தினமும் தொண்டை கட்டற அளவுக்கு சாதகம் பண்ணினா.

#13 வேப்பேரி மணியோசை

ஓஎம்ஆர் பிள்ளைக்கு: முதலில் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்', பிறகு 'சன்னி'. அது முடிந்ததும் 'எல் லூத்தே'. ஸ்பெயினில் சிறையிலிருந்து தப்பிய ஒருவருடைய உண்மைக் கதை அது, 1979இல் வந்தது. இந்த மூன்றும் லிஸ் மிட்செல்.

அடுத்து 1977இல் வந்த 'பெல்ஃபாஸ்ட்'. இதில் முன்னால் பாடுவது மார்சியா பாரெட். வட அயர்லாந்துக் கலவரத்தைப் பற்றிய பாட்டு. லிஸ் குரலுக்கும் மார்சியா குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை பிடித்துவிட்டால், அதன்பிறகு 'மா பேக்கர்' கேட்கும்போது இருவரையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். ரீமிக்ஸில் இது கிடைக்காது. அங்கே குரலை நறுக்கித் தாளத்துக்குள் போட்டுவிடுகிறார்கள்.

ஹெட்போனில் கேட்பதானால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு கேட்பதானால் ஸ்பீக்கரில் போடுங்கள்.

#14 மேற்கு மாம்பலம்

இந்த இழையைப் படிச்சு முடிச்சதும் 'பெல்ஃபாஸ்ட்' போட்டேன். மார்சியா பாரெட் பாடறது கேசட்ல கேட்டதைவிட எவ்வளவோ கனமா இருக்கு. முகம் பாக்காம, வீடியோ இல்லாம, பாட்டா மட்டும் கேட்டேன். எனக்கு இந்த வழி ஒத்து வருது. லோகோ சார், இதே மாதிரி லிஸ் மிட்செல் குரல் அதிகமா வாத்தியம் மூடாம வர்ற பாட்டு ஏதாவது இருக்கா?

#15 பெரம்பூர் லோகோ

இருக்கு சார். 'மதர்லெஸ் சைல்ட்'. 1977ல வந்த 'லவ் ஃபார் சேல்' ஆல்பத்துல ரெண்டாவது பக்கத்துல பாருங்க. அமெரிக்காவுல அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள் பாடின பழைய பாட்டு, தாயில்லாப் பிள்ளையோட புலம்பல். டான்ஸ் ஹால்ல யாரும் போட்டதில்ல. எங்க குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி மட்டும் எல்லாரும் போன பிறகு இதைப் போடுவாங்க, கேட் மேல உக்காந்திருந்த எங்களை அப்ப வராண்டாவுக்குள்ளயே கூப்பிட்டு உக்கார வச்சுக்குவாங்க. கேட்டுட்டு இங்கயே எழுதுங்க. ஓஎம்ஆர் கண்ணு, நீயும் அப்பாவும் கூடத்தான்.